சீப்பு எங்கே நிற்கிறது? டெல்டா வீட்டில் சுருள்முடி நாய்க்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சுருளியை நாங்கள் வாங்கவில்லை. பெங்களூரில் தம்பி வாங்கினான். வாடகை வீட்டுக்காரர் ஆகாது என்றுவிட்டார். ஒரு சித்திரை மாதம் காரில் ஏற்றி வந்து பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனான். மினியேச்சர் பூடில், 7 கிலோ, வறுத்த ரவை நிறம். எனக்குத் தெரிந்தே சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு வீடுகளில் இப்படி வந்து சேர்ந்த பூடிலோ பூடில் கலப்போ இருக்கிறது. பிள்ளைகள் ஊரில் வாங்குகிறார்கள், பெற்றவர்கள் கிராமத்தில் வளர்க்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான நாய்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. எல்லாம் வழுவழு உடம்பு; ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கம் சுருள்முடியிடம் செல்லாது. அறுப்பு முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து வந்த கீதாரி ஒருவர் சுருளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்க ஆட்டுக்கே இம்புட்டு முடி இல்லையே தாயி, இத வச்சி என்ன செய்யப் போறீய?” என்றார். அந்தக் கேள்விக்கு நாலு வருஷமாகத் தப்புத் தப்பாகச் செய்து கண்டுபிடித்த பதில்தான் கீழே இருப்பது. வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் நாய்க்கு என்ன ஆயிற்றோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தப் பிழைக்கும் முன்னால்: சீப்புச் சோதனை

ஒரு ஸ்டீல் சீப்பு வேண்டும். பாதிப் பல் அகலம், பாதிப் பல் நெருக்கம், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ‘கிரேஹவுண்ட் சீப்பு’ என்று கேட்டால் கொடுப்பார்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் சீப்பு வளையும், பேன் சீப்பு முடியைப் பிடுங்கும், இரண்டும் வேண்டாம்.

நாயின் முடியை இரண்டு கையாலும் வகிடு எடுப்பதுபோல் பிரியுங்கள். தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். சீப்பின் பல் அந்தத் தோலைத் தொடட்டும். அங்கிருந்து முடியின் நுனி வரை மெதுவாக வெளியே இழுங்கள். காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டை உட்காரும் இடம், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, வால் ஆரம்பிக்கும் இடம், விரல் இடுக்கு ஆகிய ஆறு இடத்திலும் இப்படிப் பாருங்கள். எங்கே சீப்பு நிற்கிறதோ அங்கேதான் பிழை. நாற்றம், சொறி, புண், உண்ணி என்று பிறகு வருகிற பலதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இந்த நாய்க்கு முடி நம் தலைமுடிபோல நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்ந்த முடியும் தரையில் விழாமல் பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொள்கிறது. “வீடெல்லாம் முடி கொட்டாது” என்று விற்றவர் சொன்னது உண்மைதான். கொட்டாத முடி எங்கே போகிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மேலே பஞ்சு மாதிரி இருக்கிறது, உள்ளே சீப்பு போக மாட்டேன் என்கிறது

இதுதான் முதல் பிழை, பெரிய பிழை. தினமும் பிரஷ் போடுகிறேனே என்று அடித்துச் சொல்பவர்கள் வீட்டிலும் இது இருக்கும். காரணம் பிரஷ். ஊசி ஊசியாகக் கம்பி வைத்த ஸ்லிக்கர் பிரஷ் மேல்முடியைத் தூக்கி அழகாகப் பஞ்சாக்கிவிடும். அடியில் முடி தன்பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கும்.

சிக்கா, சடையா, கம்பளியா என்று முதலில் பாருங்கள். விரலால் பிரித்தால் பிரிகிறது என்றால் சிக்கு. பாக்கு அளவில் உருண்டையாகக் கையில் தட்டுப்படுகிறது, ஆனால் அதற்கும் தோலுக்கும் இடையில் சுண்டுவிரல் நகம் நுழைய இடம் இருக்கிறது என்றால் சடை. தகடு மாதிரி ஒரே படலமாகத் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது, பிடித்துத் தூக்கினால் தோலும் சேர்ந்து வருகிறது என்றால் அது கம்பளி.

சிக்குக்கு வரிசை வாரல். நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, கீழே விரற்கடை அளவு மட்டும் விடுங்கள். அந்த ஒரு வரிசைக்குப் பிரஷ், பிறகு சீப்பு. தோல் தெரிகிறதா பார்த்துக்கொண்டு அடுத்த வரிசையை இறக்குங்கள். நாற்றங்கால் பறிப்பதுபோல் ஓரத்திலிருந்து ஒழுங்காக வர வேண்டும், நடுவில் கை வைத்தால் எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரியாது. காய்ந்த முடியில் வெறும் பிரஷ் போட்டால் முடி அறும். நாய்க்கான கண்டிஷனரைத் தண்ணீரில் மெலிதாகக் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொண்டு, லேசாகப் பனி படிந்த அளவுக்கு அடித்துவிட்டு வாருங்கள். பிரஷ்ஷை எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அதற்கும் எரியும்.

சடைக்குக் கொஞ்சம் கார்ன்ஃப்ளவர் மாவைத் தூவி விரலால் தேய்த்துவிடுங்கள். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். சடையின் அடிவேரை இடது கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. பிறகு சீப்பின் கடைசி இரண்டு பல்லால் நுனியிலிருந்து அடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். தேங்காய் மஞ்சியைக் கையால் பிய்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கைப்பதம் உடனே பிடிபடும். ஒரு சடைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் செலவாகிறது என்றால் விட்டுவிடுங்கள். நாயின் பொறுமை முடியைவிட விலை கூடியது; முடி ஆறு வாரத்தில் வந்துவிடும்.

கம்பளியைப் பிரிக்க முயலவே வேண்டாம். முடிவெட்டும் மெஷினான கிளிப்பரில் 10ஆம் நம்பர் பிளேடு போட்டு, கம்பளிக்கும் தோலுக்கும் நடுவில் பிளேடைத் தட்டையாக நுழைத்து, தோல் போட்ட சட்டையைக் கழற்றுவதுபோல் எடுக்க வேண்டும். 1.5 மி.மீ. முடிதான் மிஞ்சும். நாய் உரித்த கோழி மாதிரி இருக்கும். பரவாயில்லை.

இங்கே கத்திரிக்கோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் சுருளியின் அக்குளில் ஒரு சடை. பிடித்துத் தூக்கி, சடைக்குக் கீழே கத்திரியை வைத்து நறுக்கென்று ஒரு வெட்டு. சத்தமே இல்லை, அவள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். சடை கையோடு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் சடைக்கு அடியில் ரோஜா நிறத்தில் ஒரு வாய் திறந்திருப்பதைப் பார்த்தேன். சடை தோலைக் கூடாரம்போல் மேலே இழுத்து வைத்திருக்கும், நாம் முடி என்று நினைத்து வெட்டுவது தோலை. 3 தையல். அன்றிலிருந்து சடைக்குக் கத்திரி எடுப்பதில்லை. உங்களிடம் கத்திரி மட்டும்தான் இருக்கிறது என்றால், தோலை ஒட்டிச் சீப்பை நுழைத்துவிட்டு, சீப்புக்கு மேல்பக்கம் மட்டும் வெட்டுங்கள். சீப்பு நுழையாத இடத்தில் கத்திரிக்கும் வேலையில்லை.

காது மடலில் கம்பளியாகி, அதை எடுத்தீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த கட்டு போனதும் மடலுக்கு ரத்தம் பாய்கிறது, நாய் தலையைப் படபடவென்று உதறுகிறது, காது நுனியில் ரத்தம் கட்டி வீங்கிவிடும். எடுத்த உடனே மெல்லிய பருத்தித் துணியைத் தலையைச் சுற்றி, காது அசையாதபடி தளர்வாகக் கட்டி ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருங்கள். பழைய பனியனின் கை ஒன்றை வெட்டி மாட்டினால் கச்சிதமாக இருக்கும். மடல் பலூன்போல் வீங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதுவரை சமர்த்தாக இருந்த குட்டிக்குத் திடீரென்று தினமும் சடை விழுகிறதா? வயது 9 மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் இருந்தால் உங்கள் தவறு இல்லை. குட்டிமுடி போய்ப் பெரிய முடி வருகிற காலம். அந்தச் சில மாதங்களுக்கு முடியைக் குட்டையாக வெட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை, அழகு போய்விடுமே என்று. அதற்கான தண்டனை அடுத்த தலைப்பில்.

குளிக்க வைத்ததும் முடி இறுகிப் பாய் மாதிரி ஆகிவிட்டது

போகிக்கு முதல்நாள். வீட்டைக் கழுவியாயிற்று, சுருளியையும் கழுவிவிடலாம் என்று கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டுத் துணி துவைப்பதுபோல் வட்ட வட்டமாகத் தேய்த்து, துண்டால் பரபரவென்று துவட்டி, வெயிலில் விட்டேன். சாயங்காலம் சீப்பு எங்கேயும் நுழையவில்லை. மாட்டுப்பொங்கலன்று மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்தார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து நாயை மொட்டையடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் மூன்று பிழை. சிக்கெடுக்காத முடியில் தண்ணீர் பட்டது முதல் பிழை. சிக்கு ஈரமாகிக் காயும்போது நனைந்த கயிற்று முடிச்சுபோல் இறுகும். வட்டமாகத் தேய்த்தது இரண்டாவது. கம்பளி நெய்பவர்கள் ரோமத்தைக் கெட்டியாக்கச் செய்கிற வேலையை நான் நாயின்மேல் செய்திருக்கிறேன். துண்டால் துவட்டியது மூன்றாவது.

சரியான வரிசை: முதலில் சிக்கெடு, பிறகு குளிப்பாட்டு, பிறகு தோல்வரை காயவை, மறுபடி சீப்பு, கடைசியில் வெட்டு. ஷாம்பைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு முடி விழும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவி இறக்குங்கள். துண்டை மேலே வைத்து ஒற்றி எடுங்கள், பிழியுங்கள், தேய்க்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மருந்து அடித்த வயலிலோ, களைக்கொல்லி தெளித்த வரப்பிலோ நாய் புகுந்து வந்தால் சிக்கு பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நக்கி வயிற்றுக்குள் போவதற்குள், கையில் உறை போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீரும் ஷாம்புமாக அலசிவிடுங்கள். எச்சில் ஒழுகினாலோ நடுங்கினாலோ மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். சடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

(கர்லி கோட்டட் ரெட்ரீவர் என்று ஓர் இனம் உண்டு. குட்டைக் குட்டையாக இறுகிய சுருள். அதற்குப் பிரஷ் போட்டால் சுருள் பிரிந்து பொங்கிவிடும், அதனால் அளவாகத்தான் வாருவார்கள். டெல்டாவில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இருந்தால் மேலே சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது.)

குளித்த மறுநாளே ஈர நாய் வாடை

மூக்கை நாயின் முதுகில் வைத்துப் பாருங்கள், பிறகு அக்குளில். முதுகில் ஷாம்பு மணமும் அக்குளில் ஊறிய சாக்கு மணமும் வந்தால் உள்முடி காயவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே துவைத்த துணியே இரண்டு நாள் கொடியில் தொங்குகிறது. விரற்கடை உயரச் சுருள்முடி ஃபேன் காற்றில் காய்ந்துவிடும் என்று நம்புவது பேராசை. வெளிச்சுருள் காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் நிற்கும், அங்கே கிருமியும் பூஞ்சையும் பெருகும். வாடை அவற்றுடையது.

துண்டை மாற்றி மாற்றி ஒற்றுங்கள்; சுருளிக்கு மூன்று துண்டு ஆகிறது. பிறகு ஹேர் டிரையர், குறைந்த சூட்டில். ஒரு கையால் டிரையர், இன்னொரு கையால் ஸ்லிக்கர் பிரஷ்; காற்று விழும் இடத்தை மட்டும் வாரி நீட்டிக்கொண்டே போக வேண்டும். சுருள் நீண்டு நேராகும்போதுதான் அடிவரை காயும். உங்கள் மணிக்கட்டும் அதே காற்றில் இருக்கட்டும், சுட்டால் உடனே தெரியும். மொத்தம் 40 நிமிஷம் ஆகும். கரண்ட் போகும் நாளில் குளிப்பாட்டாதீர்கள். கேலியாகச் சொல்லவில்லை: பராமரிப்பு மின்தடை என்று அறிவித்த நாள் எங்கள் வீட்டில் சுருளிக்கு விடுமுறை.

நன்றாகக் காய்ந்த பிறகும் புளித்த வாடையும் பிசுக்கும் இருந்தால் தோலில் ஈஸ்ட் பூஞ்சை இருக்கலாம். தோல் கருத்து, தடித்து வரும். அதற்கு மருந்து ஷாம்பு வேண்டும், அதை எத்தனை நிமிஷம் ஊறவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். சடைக்கு அடியில் ஒரே நாளில் ரூபாய் நாணயம் அளவில் ஈரமாகச் சிவந்து கசியும் புண் வந்தால் சுற்றுமுடியை வெட்டிக் காற்றுப்பட விட்டு, நக்காமல் கழுத்துக் கூம்பு மாட்டி, அன்றே காட்டுங்கள். மழைக்காலத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். வால் அடியில் மலம் ஒட்டிச் சடையாகிக் கிடக்கும் கிழட்டு நாய்களுக்கு இது அதிகம். புழு தெரிந்தால் மண்ணெண்ணெயும் வேண்டாம், சூடமும் வேண்டாம். இரண்டும் நாய்க்கு விஷம். ஒரத்தநாட்டில் 2012இல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. எது கிட்டவோ அங்கே போங்கள்.

குளித்த பிறகு முடி நார் மாதிரி, தோலில் வெள்ளைப் பொடி

பெரும்பாலும் தண்ணீர், அல்லது நாம் போட்ட சரக்கு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு நுரைக்காது, நுரைக்காததால் இன்னும் ஊற்றுவோம், ஊற்றியது முழுக்க அலசாது. நாகை, வேதாரண்யம் பக்கம் இது சாதாரணம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் ஆற்றுத்தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ இரண்டு வாளி ஒதுக்குங்கள். விரலில் முடியைத் தேய்த்தால் கீச்சென்று வழுக்காமல் நிற்கும்வரை அலச வேண்டும். அதற்குப் பிறகு நாய்க்கான கண்டிஷனர், மறுபடி ஓர் அலசல்.

நம் ஷாம்பு நம் தோலுக்குச் செய்தது. நாயின் தோல் நம்முடையதைவிட அமிலத்தன்மை குறைந்தது, மெல்லியது. சீயக்காயும் வறட்டும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். தேங்காயெண்ணெய் தடவினால் பளபளக்கும்தான். அரைமணி நேரத்தில் களத்துத் தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டி, புதுச் சடைக்கு அஸ்திவாரம் போடும். “எண்ணெ வைக்காத தலையும் ஒரு தலையா” என்று பெரியம்மா இன்னும் கிண்ணத்தோடு வருகிறார். நான் கிண்ணத்தை வாங்கி என் தலையில் வைத்துக்கொள்கிறேன்.

வாய்க்காலில் குதித்து வந்துவிட்டது

குதிக்கும். பூடில் என்ற பெயரே தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. சுட்ட வாத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து வருவதற்காக வளர்த்த இனம். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி, நம் வாய்க்காலுக்கு வந்து சேரும் நாளைச் சுருளி எங்களுக்கு முன்னால் தெரிந்துகொள்கிறாள்.

கால் மட்டும் சேறு என்றால் உடனே வாளித் தண்ணீரில் அலசுங்கள். நம் களிமண் காய்ந்தால் ஓடுபோல் ஒட்டும். அலசிய பின் விரல் இடுக்கைப் பிரித்துத் துடைத்து உலர்த்துங்கள். நடக்கும்போது ஒரு காலை நொண்டினால் பாதத்தடியில் பாருங்கள். பஞ்சுத் திண்டுகளுக்கு நடுவில் முடியும் சேறும் சேர்ந்து கெட்டிக் கொட்டையாக உட்கார்ந்திருக்கும், கல்லை மிதிப்பதுபோல் வலிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்தால் கரையும். அங்கே முடியைத் திண்டின் மட்டத்துக்குக் குட்டையாக வைத்துக்கொண்டால் மறுபடி வராது. அட்டை கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கோடையில் சேற்றுக்குப் பதில் நாயுருவி. இந்தப் பெயரை வைத்தவர் சுருள்முடி நாய் ஒன்றை வைத்திருந்தாரோ என்று எனக்குச் சந்தேகம். முள்விதை ஒவ்வொன்றும் ஒரு சடைக்கு விதை. இழுக்காதீர்கள், சின்னக் குறட்டால் விதையை நசுக்கினால் உடைந்து உதிரும். எண்ணெய்க்கு நான் இடம் கொடுப்பது இங்கே மட்டும்தான்: ஒரு சொட்டு விட்டால் வழுக்கிக்கொண்டு வரும், பிறகு அந்த இடத்தைக் கழுவிவிடலாம். புல் முள் காதிலோ விரல் இடுக்கிலோ போனால் உள்ளேயே நகர்ந்துகொண்டு போகும், திரும்பி வராது. வயலிலிருந்து வந்ததும் திடீரென்று தலையைச் சாய்த்து உதறுவதும், ஒரே பாதத்தை விடாமல் நக்குவதும் அதன் அறிகுறி. காதுக்குள் குச்சி விட்டுத் தேடாதீர்கள்.

சொறிந்துகொண்டே இருக்கிறது

உண்ணியை முதலில் நினையுங்கள். வழுவழு நாயில் உண்ணி கண்ணுக்குத் தெரியும். சுருள்முடியில் விரலுக்குத்தான் தெரியும். காதுக்குள், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, இந்த மூன்றையும் தினமும் தடவுங்கள். கிடைத்தால் தோலை ஒட்டி டுவீஸரால் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம், தீக்குச்சி வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். நாய் உண்ணி முட்டையிடுவது நாயின்மேல் அல்ல, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும். திண்ணைத் தூணின் அடியையும் நாய் படுக்கும் சாக்கையும் பார்க்காமல் நாயை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த வாரம் மறுபடி ஏறும்.

உண்ணிக்கான சொட்டு மருந்து போட்டும் கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதை முடியின்மேல் ஊற்றியிருப்பார்கள். வகிடு எடுத்து, தோல் தெரிந்த பிறகு தோலில் விட வேண்டும். பல சொட்டு மருந்துகளுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. உறையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாத்திரை வகையும் இருக்கிறது, எடை பார்த்து மருத்துவர் கொடுப்பார். முடி அடர்ந்த நாய்க்கு எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. சாப்பிடாமல் சோர்ந்து படுத்து, காய்ச்சலடித்து, ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

வட்டமாக முடி கொட்டி ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். நமக்கும் ஒட்டும். குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்ச விடாதீர்கள், சீப்பைத் தனியாக வையுங்கள்.

காது நாறுகிறது, தலையை உதறுகிறது

இந்த இனத்துக்குக் காதுக்குள்ளும் முடி வளரும், மடல் மூடியிருக்கும், குளித்த தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் உள்ளே நிற்கும். முன்பெல்லாம் காதுமுடியைப் பிடுங்குவதே வழக்கம். நோயில்லாத காதில் பிடுங்கினால் அதுவே புண்ணாகும் என்று இப்போது பல மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நானும் பிடுங்குவதில்லை; காதின் வாயில் நிற்பதை மட்டும் வெட்டுகிறேன். குளிக்கும்போது பஞ்சு உருண்டையை மேலாக வைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். பழுப்பு மெழுகும் கெட்ட வாடையும் இருந்தால் கண்டதையும் ஊற்றாமல் காட்டுங்கள். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் சில மருந்துகள் கேடு செய்யும், அது வெளியிலிருந்து நமக்குத் தெரியாது.

கிளிப்பர் ரோடு ரோடாக வெட்டுகிறது, சுடுகிறது, நின்றுவிடுகிறது

ரோடு விழுவதற்குப் பெரும்பாலும் கிளிப்பர் காரணமில்லை. அழுக்கு முடியில், அல்லது நீட்டிக் காயவைக்காத சுருளில் ஓட்டினால் உயரம் ஒரே மட்டமாக வராது. குளித்து, நீட்டிக் காயவைத்து, சீப்புச் சோதனையில் தேறிய முடியில் ஓட்டுங்கள், முடி விழும் திசையில். எதிர்த்திசையில் ஓட்டினால் நம்பரில் போட்டிருப்பதைவிடக் குட்டையாகும்.

நம்பர் ஏற ஏற முடி குட்டை என்பதை நினைவில் வையுங்கள், நம் சலூன் கணக்குக்குத் தலைகீழ். 4எஃப் 9.5 மி.மீ., 5எஃப் 6.3, 7எஃப் 3.2, 10 என்றால் 1.5. நான் உடம்புக்கு 4எஃப், வயிற்றுக்கும் பாதத்துக்கும் 10. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒன்று, அடைமழைக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு முழு வெட்டு; நடுவில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பேற்றுவது. கோடையில் தோல் தெரியும்படி மழிக்காதீர்கள், வெயில் நேராகச் சுடும்.

பிளேடு ஓடத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் சூடேறும். அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி, பிளேடைக் கழற்றி எவர்சில்வர் தட்டின்மேல் வையுங்கள், சீக்கிரம் ஆறும். இரண்டு சொட்டு கிளிப்பர் எண்ணெய் விடுங்கள். வெட்டாமல் கடித்து இழுத்தால் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது உள்ளே முடி அடைத்திருக்கும். எங்கள் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போதும் இதே கதைதான். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கிளிப்பரை எடுக்காதீர்கள். சார்ஜ் போடுகிற வகை வாங்கிய பிறகு எனக்கு இந்தத் தொல்லை விட்டது. ஆண்களின் தாடி டிரிம்மர் இந்த முடிக்குள் இரண்டு அங்குலம்கூடப் போகாது, பணம் கரையும்.

வெட்டிய மறுநாள் வயிறும் தொடை இடுக்கும் சிவந்து நாய் நக்கினால் பிளேடு எரிச்சல். ஈரத்துணி ஒத்தடம், நக்காமல் கூம்பு, இரண்டு மூன்று நாளில் அடங்கும். சோற்றுக்கற்றாழையை மடலோடு வெட்டித் தேய்க்காதீர்கள், அந்த மஞ்சள் பால் வயிற்றுக்குள் போனால் பேதியாகும்.

கண்ணுக்கடியில் கறை, நகத்தில் ரத்தம்

வெளிர்நிற நாயின் கண்ணோரம் செம்பழுப்புக் கோடு விழுவது கண்ணீரில் இருக்கும் நிறமியால். கண்ணில் முடி குத்துகிறதா பாருங்கள், கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சு நனைத்துத் தினமும் துடைத்து உலர்த்துங்கள். ஒரு கண் மட்டும் ஒழுகினால், மூடிமூடித் திறந்தால் அது கறைப் பிரச்சினை இல்லை, கண் பிரச்சினை.

நகம் வெட்டி ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளவரை அழுத்திப் பிடித்து ஐந்து நிமிஷம் எடுக்காமல் இருங்கள். காலின் உள்பக்கம் உயரத்தில் ஒரு நகம் இருக்கும், தரையைத் தொடாது, தேயாது. சுருளுக்குள் மறைந்து வளைந்து தோலிலேயே குத்தும். சிக்கெடுக்கும்போது அதையும் தேடுங்கள்.

நிற்க மாட்டேன் என்கிறது, சீப்பைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறது

வலித்திருக்கிறது, அதனால் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளாமல் தினமும் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ஒரு கால் என்று பிரியுங்கள். பாயில் வழுக்கும், பெஞ்சில் மடித்த சாக்கு போட்டு நிறுத்தினால் கால் பிடிமானம் கிடைத்துப் பாதி நடுக்கம் போய்விடும். கழுத்தில் கயிறு கட்டிப் பெஞ்சில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள், குதித்தால் சுருக்கு விழும். உறுமினால் அன்றைக்கு முடிந்தது.

நான் செய்வது: தேங்காய் துருவிய கொட்டாங்குச்சியின் உள்பக்கம் கெட்டித் தயிரை வழித்து, ஃபிரீசரில் ஒரு மணி நேரம். சீப்பு எடுக்கும்போது அதைப் பெஞ்சில் வைத்தால் நக்கி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகிறது, எனக்கும் அவ்வளவுதான் தேவை. முடிந்ததும் கொட்டாங்குச்சியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், கடித்துச் சில்லை விழுங்கிவிடும். இப்போதெல்லாம் அம்மா சமையலறையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டாலே சுருளி போய்ப் பெஞ்சின்மேல் ஏறிக்கொள்கிறாள். சட்னிக்கு என்று சொன்னால் நம்புவதில்லை.